ஒன்பது ரூபாய் மரியாதை

அந்த வருடம் செழியன் வீட்டுக்குப் பொங்கல் சீர் இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று, அவன் மனைவி இசைவாணியின் அம்மா வீட்டிலிருந்து: பச்சரிசி, வெல்லம், ஒரு கட்டு கரும்பு. இன்னொன்று, மயில் படம் போட்ட பந்தய ஆப்பிலிருந்து: அரைக் கிலோ முந்திரி, ஒரு வாழ்த்து அட்டை, முதுகில் தங்க நிற எழுத்தில் விஐபி என்று அச்சடித்த கறுப்பு டீ ஷர்ட். செழியன் கரும்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டீ ஷர்ட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாத்தியா வாணி? உங்கப்பா எடுத்துக் குடுத்த சட்ட தோள்ல புடிக்கிது. இவன் கரெக்டா நாப்பத்திரண்டு சைஸு அனுப்பிக்கிறான்.”

“அனுப்பமாட்டானா? ஒன்ற வருசமா உன்ன அளந்துக்கினுதான இருக்கான்” என்றாள் இசைவாணி.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர். முழங்கால் பிசகும்வரை மாவட்டக் கபடி அணியில் இடது கார்னரில் நின்றவள். ரைடு பாடி வருகிறவளின் முகத்தைப் பார்க்கமாட்டாள், காலைத்தான் பார்ப்பாள். முகம் ஆயிரம் பொய் சொல்லும், பாதத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவள் கட்சி. செழியன் அவளுடைய அத்தை மகன். ஒரு குட்டியானை வண்டி வைத்துக்கொண்டு, கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி, சின்னசேலம் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரியில் இறக்குகிறவன். குடி கிடையாது, பீடி கிடையாது. இவ்வளவு நல்ல மாப்பிள்ளையா என்று ஊரே மூக்கில் விரல் வைத்தபோது, அவன் பாக்கெட்டில் இருந்த போனை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

கிரிக்கெட்டா, கால்பந்தா, எந்த நாட்டில் எவன் ஆடுகிறான், எதுவும் அவனுக்கு முக்கியமில்லை. சட்டை நிறம் பிடித்த அணிமேல் பணம் கட்டுவான், தோற்பான். அரசாங்கம் தடை போட்டால் ஆப் முகவரியை மாற்றிக்கொள்ளும். இவள் போனிலிருந்து அழித்தால் மறுநாள் புது லிங்க் வந்து நிற்கும். அதை அனுப்புகிறவன் ரித்விக். செழியனுக்கென்றே ஆப்காரன் நியமித்திருந்த விஐபி மேனேஜர். தினமும் சாயங்காலம் போன் செய்து, ப்ரோ சாப்பிட்டீங்களா, ப்ரோ முதுகுவலி எப்படி இருக்கு என்று விசாரிப்பான். கல்யாணமான ஆறு வருடத்தில் இவனைப் பெற்ற தன் மாமியார்கூட இத்தனை முறை விசாரித்ததில்லை என்பது இசைவாணிக்கு நன்றாகத் தெரியும்.

அவளுக்கு அந்த ஆப் செய்த மரியாதை வேறு. போன வருடம் அவளையும் அதில் சேர்த்துவிட்டவன் செழியன்தான். ஆள் சேர்த்தால் ஐநூறு ரூபாய் போனஸ். சரி, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று அவளும் இறங்கினாள். கபடி மட்டும்தான், அதுவும் நூறு இருநூறுதான். மூன்றாவது வாரம், ஒரு காலை, இருநூறு என்று தட்டினால் பெட்டி சிவப்பாகிவிட்டது. உங்கள் அதிகபட்சப் பந்தயம் பதினான்கு ரூபாய் என்று எழுதியிருந்தது. நெட் சரியில்லை என்று நினைத்து போனை அணைத்துப் போட்டாள். ரீசார்ஜ் செய்தாள். உதவிப் பெட்டியில் எழுதிக் கேட்டாள். இது நிறுவனத்தின் முடிவு, நன்றி என்று ஒரே வரி வந்தது. முந்திரியும் இல்லை, ப்ரோவும் இல்லை. விவரம் தெரிந்தவள் என்று கண்டுகொண்டு கதவைச் சாத்திவிட்டான் என்பது அவளுக்குப் புரிந்தது. ஒன்று மட்டும் புரியவில்லை. அந்த வாரம் அவள் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றிருந்தாள். தோற்றுக்கொண்டிருக்கிறவளை எதற்காகத் துரத்தவேண்டும்?

காணும் பொங்கலன்று ரித்விக் போன் செய்தான். செழியன் பெருமையாக ஸ்பீக்கரில் போட்டான்.

“ப்ரோ, ஹேப்பி பொங்கல்! ஃபேமிலி எல்லாம் சௌக்கியமா? உங்களுக்குன்னு ஒரு ஆஃபர் சண்டை போட்டு வாங்கி வச்சிருக்கேன். வர்ற சண்டே ஈவினிங் ஆறு மணிக்குள்ள நீங்க ரெண்டு லட்சம் போட்டா, கம்பெனி மேல ரெண்டு லட்சம் போடும். எல்லாருக்கும் குடுக்கறதில்ல ப்ரோ. தமிழ்நாட்டுலயே மொத்தம் பத்து பேரு.”

தமிழ்நாட்டிலேயே பத்துப் பேரில் ஒருவன்! செழியன் நெஞ்சை நிமிர்த்திய வேகத்தில் டீ ஷர்ட் தையல் விட்டிருக்கும். போனை வைத்த கையோடு வெள்ளிமலை வேடியப்பனைக் கூப்பிட்டான். மலையில் மரவள்ளியும் பலாவும் போடுகிறவர் அவர். இரண்டு வருடமாக இந்த வண்டியைக் கொடுத்துவிடு, கொடுத்துவிடு என்று கேட்டுக்கொண்டிருந்தார். ரெண்டே கால் லட்சம், ஞாயிற்றுக்கிழமை மலையிலேயே எழுதிக்கொள்வது என்று இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது.

“வண்டிய வித்துட்டு இன்னா மாமா பண்ணுவ? சோத்துக்கு?” என்று கேட்டாள் இசைவாணி.

“ஒரே வாரம் வாணி. ரெண்டு வண்டியா வாங்கி நிறுத்தறேன் பாரு.”

அழுதாள். சாப்பிடாமல் கிடந்தாள். மாமியாரை விட்டுச் சொல்லவைத்தாள். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்காகப் போயிற்று. அந்த வண்டி போனால் வீட்டில் சொல்லிக்கொள்ளும்படி வருமானம் என்று ஒன்று கிடையாது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கொடுப்பதை வைத்து வாடகை கட்டலாம், அரிசி வாங்க முடியாது.

மறுநாள் காலை மைதானத்தில் பிள்ளைகளைக் கைப்பந்து ஆடவிட்டு, ஊதாமல் விசிலைக் கடித்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு அந்த வளையக் கடை ஞாபகம் வந்தது. திருக்கோவிலூர்த் தேர்த் திருவிழா. அவளுக்குப் பத்து வயது. பொருளின்மேல் வளையம் விழுந்தால் பொருள் நமக்கு. அவள் போட்டது சோப்புப் பெட்டியில் விழுந்தது, அடுத்தது கண்ணாடித் தம்ளரில் விழுந்தது. கடைக்காரன் முகம் சுருங்கி, பாப்பா உனக்குப் போதும், அந்தப் பக்கம் போ என்றான். அவள் அப்பாவை மட்டும் விடவில்லை. இருபது வளையம் போட்டு ஒரு சீப்பைக்கூட வெல்லாத மனிதர் அவர். அண்ணே, இந்தத் தடவ விழும்ண்ணே என்று அவருக்கு மட்டும் வளையங்களை நீட்டிக்கொண்டே இருந்தான். அப்பா நகர்கிற வழியாக இல்லை. அவளுக்குக் காலும் வலித்தது, பசியும் எடுத்தது. அப்பா கையிலிருந்த வளையத்தைப் பிடுங்கி அவளே எறிந்தாள். எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் போய் உட்கார்ந்தது. அவ்வளவுதான், ரெண்டு பேரும் கெளம்புங்க மொதல்ல என்று கடைக்காரன் கத்தினான்.

இசைவாணி விசிலை எடுத்து ஓங்கி ஊதினாள். பிள்ளைகள் பதறிப்போய் நின்றார்கள்.

“உங்கள இல்லடா. ஆடுங்க, ஆடுங்க!”

தன்னால் புருஷனை அந்தக் கடையிலிருந்து இழுத்துவர முடியாது. ஆனால் கடைக்காரனே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினால்? விவரமானவனைக் கண்டால் அவனுக்கு ஆகாதே! செழியனை விவரமானவனாகக் காட்டவேண்டியதுதான் பாக்கி. அதற்கு ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். “மாமா, ஞாயித்துக்கெழம வரிக்கும் நான் சொல்றதுமேல மட்டும் கட்டு. கபடி மட்டும். உன் கணக்குல மீதி இருக்கிற காச வச்சி. புதுசா ஒத்த ரூவா போடக்கூடாது.”

செழியன் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். “இத்தத்தான் வாணி நான் ஒரு வருசமா கேட்டுக்கினு கீறேன்! உன் மூள, என் அக்கவுண்டு. எவன் நிப்பான்?” அவள் என்ன கணக்கில் சொல்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. சொல்லாமல் விட்டது அவளுக்கு உறுத்தத்தான் செய்தது. உறுத்தினால் உறுத்தட்டும், வண்டி நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பொங்கல் வாரத்தில் கபடிக்கா பஞ்சம்? ஊருக்கு ஊர் மின்விளக்குப் போட்டு, மைக் செட் கட்டி, யூடியூபில் ஓடவிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கிற ஆப்காரனுக்குக் கபடி என்று பெயர் இருந்தால் போதும், அத்தனைக்கும் ரேட்டுப் போட்டுவிடுவான். யார் எந்த ஊர், மண்ணில் ஆடுகிறார்களா ரப்பர் விரிப்பில் ஆடுகிறார்களா, ஒன்றும் அவனுக்குத் தெரியாது. பழைய வெற்றி தோல்வியை வைத்து ஒரு குத்துமதிப்பு.

செவ்வாய்க்கிழமை ஜெயித்தார்கள். ரைடரின் வலது கணுக்காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்து இசைவாணி சொன்னது அப்படியே பலித்தது. புதன்கிழமை கடைசி நிமிடத்தில், மூன்று பேர் சேர்ந்து ஒரு மலைமாதிரி ஆளை மடக்கிப் போட்டபோது அவள் கட்டிலின்மேல் ஏறி நின்று கத்தினாள். பக்கத்து வீட்டுப் பூமாலை அக்கா, இன்னாடி ஆச்சி என்று வாசலுக்கு ஓடி வந்துவிட்டார். வியாழக்கிழமையும் ஜெயம். உண்மையைச் சொல்லவேண்டுமென்றால் அவளுக்குப் பிடித்திருந்தது, ரொம்பப் பிடித்திருந்தது. முழங்கால் போனபிறகு யாரும் அவளிடம் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டதில்லை. இப்போது அவள் சொன்ன பாதமும் சொன்ன கையும் திரையில் அப்படியே நடந்தன. செழியன் வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தான். புதுக் கல்யாண ஜோடிபோல இருவரும் போன் முன்னால் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் மயில் ஆப்காரன் கோபப்படவில்லையே! வியாழக்கிழமை சாயங்காலமும் ரித்விக் தேனாகத்தான் ஒழுகினான். “கலக்குறீங்க ப்ரோ! உங்க டைம் ஆரம்பிச்சிடுச்சி. சண்டே மறந்துடாதீங்க.”

செழியன் உடனே வேடியப்பனுக்குப் போன் போட்டு, சனிக்கிழமையே பேங்கில் பணத்தைப் போட்டுவிடச் சொன்னான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டதே! ஜெயிக்க ஜெயிக்க இவனுக்கு வெறிதான் ஏறுகிறது, அவனோ துரத்துகிறவனாக இல்லை. ஒன்றரை வருடம் தோற்றவன் மூன்று நாள் ஜெயித்தால் ஆப்காரன் பயப்படமாட்டான், அதிர்ஷ்டம் என்று கைதட்டுவான். இன்னும் மூன்று நாளில் தானே புருஷன் கையைப் பிடித்துப் பள்ளத்தில் இறக்கிவிட்டவளாகிவிடுவோம் என்று நினைத்தபோது அவளுக்கு உட்கார முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மைதானத்து வேப்பமரத்தடியில், பதினான்கு ரூபாயில் முடங்கிக் கிடந்த தன்னுடைய பழைய கணக்கைத் திறந்தாள். துரத்திய வாரத்தில் தோற்ற அந்த மூன்று ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். முதல் ஆட்டம். அவள் காலையில் கட்டும்போது ரேட்டு ஒன்றுக்கு மூன்று, ஜெயித்தால் ஒரு ரூபாய்க்கு மூன்று ரூபாய். ஆட்டம் தொடங்கும்போது அதே அணிக்கு ரேட்டு ஒன்றுக்கு இரண்டுதான். அடுத்ததிலும் அப்படியே, மூன்றாவதிலும் அப்படியே. சந்தையில் விலை ஏறும் முன்னால் வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிற வியாபாரியைப்போல, மூன்று தடவையும் ஊரை முந்திக்கொண்டு அவள் வாங்கியிருந்தாள். பிறகு விவரம் தெரிந்த மற்றவர்களும் அதே பக்கம் வந்து கட்டியதால் ரேட்டு இறங்கியிருக்கிறது. தோற்றாளா ஜெயித்தாளா என்பதை அவன் பார்க்கவே இல்லை. எப்போது வாங்குகிறாள் என்பதைப் பார்த்திருக்கிறான். முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்திருக்கிறான்!

அடப்பாவி, நம்ம ஆளுடா நீ என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

இந்த வாரம் செய்த தப்பும் அப்போது தெரிந்தது. பள்ளி விட்டு வந்து, சாயங்காலம், ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கட்டியிருக்கிறார்கள். ரேட்டு எல்லாம் அடங்கி ஆறிப்போன நேரம். அதில் ஜெயித்தால் எவனுக்கும் சந்தேகம் வராது. உடனே செழியனுக்குப் போன் செய்தாள்.

“மாமா, எங்க கீற?”

“கச்சிராயபாளையம். லோடு ஏத்திக்கினு வரேன்.”

“ஓரங்கட்டு. ராத்திரி மேட்சுக்கு இப்பத்தான் ரேட்டு தொறந்துகிறான். இப்பவே கட்டு.”

அன்று தோற்றார்கள். செழியன் முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்பே ரேட்டு பாதிக்கு இறங்கியிருந்ததை இசைவாணி பார்த்துவிட்டாள். அதைவிட முக்கியம், அன்று சாயங்காலம் ரித்விக் போன் செய்யவில்லை. ஒன்றரை வருடத்தில் முதல் முறை! சனிக்கிழமை காலையும் ரேட்டுத் திறந்த கையோடு கட்டினார்கள். அன்று ஜெயித்தார்கள். செழியன் அனுப்பிய செய்திக்கு ரித்விக்கிடமிருந்து ஓகே என்று மட்டும் பதில் வந்தது. ப்ரோ இல்லை, இதயம் போட்ட பொம்மை இல்லை. மீன் தூண்டிலைக் கடிக்கிறது என்று அவளுக்குக் கை பரபரத்தது. ஆனால் பந்தயத்துக்கு லிமிட் மட்டும் இன்னும் விழவில்லை. வேடியப்பன் போட்ட பணம் பேங்கில் வந்து உட்கார்ந்துவிட்டது.

“பேப்பர்ல கையெழுத்துப் போடாம அடுத்தவன் காசத் தொடமாட்டேன்” என்று செழியன் சொல்லியிருந்தான். அந்த மட்டும் அவன் நேர்மை அவளைக் காப்பாற்றியது. இருந்தது ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஆட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி மலை ஏறியது. முந்தின இரவு பருவம் தப்பிக் கொட்டிய மழையில் வளைவுக்கு வளைவு செம்மண் கரைந்து ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. செழியன் விஐபி டீ ஷர்ட்டைப் போட்டிருந்தான். கடைசித் தடவை ஓட்டுகிறோம் என்று ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே வந்தான். இசைவாணி வெளியே பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளிமலையில் அன்று கபடி இறுதி ஆட்டம். ஒரு பக்கம் கடலூர் அணி. ரப்பர் விரிப்பில் ஆடிப் பழகியவர்கள், வரிசையாகக் கோப்பை வாங்கியவர்கள். இன்னொரு பக்கம் உள்ளூர்க் கரியாலூர்ப் பையன்கள். வேடியப்பன் மைதானத்து ஓரத்திலேயே, கையில் பத்திரத்தோடு காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளை வேட்டியில் முழங்கால்வரை சேறு.

“வாம்மா டீச்சரு. ஆட்டத்த பாத்துட்டே எழுதிக்கலாம். நம்ம பசங்க எங்க ஜெயிக்கப் போறானுங்க, அவனுங்க பெரிய கையி” என்றார்.

இசைவாணி செருப்பைக் கழற்றிவிட்டு ஆடுகளத்துக்குள் நாலடி நடந்தாள். விரலிடுக்கில் சேறு பிதுங்கியது. மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அடியில் வழவழவென்று இருந்தது. கடலூர்க்காரர்கள் ஷூ போட்டு ஓடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பெரிய ரைடர் எம்பிக் குதித்துத் தப்புகிறவன். எம்புவதற்கு அழுத்தினான், குதிகால் ஒரு சாண் வழுக்கியது. பிறகு அவன் எம்பவே இல்லை. இந்தப் பக்கம் கரியாலூர்க் கேப்டன் அஜித், வெறுங்காலோடு, விரல்களை மண்ணில் ஊன்றி ஊன்றி நடந்துகொண்டிருந்தான். அவள் செழியனிடம் விரைந்து வந்தாள்.

“மாமா, கரியாலூர் ரேட்டு இன்னா?”

“ஒண்ணுக்கு நாலர. எவன் கட்டுவான்?”

“கட்டு. கீறது மொத்தமும்.”

செழியன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தட்டினான். சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, ஒருவழியாக ஏற்றுக்கொண்டது. நேரம் காலை ஒன்பதரை. மத்தியானம் மைதானத்தை யூடியூபில் காட்ட ஆரம்பித்தபிறகு உலகத்துக்கே அந்தச் சேறு தெரிந்துவிட்டது. சாயங்காலம் நாலே முக்காலுக்கு ஆட்டம் தொடங்கும்போது ரேட்டு இரண்டுக்கும் கீழே வந்துவிட்டது.

அப்படி ஒரு ஆட்டத்தை இசைவாணி தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. முதல் பாதியில் கரியாலூர் ஒன்பது புள்ளி முன்னால் போயிற்று. கடலூர்க்காரர்கள் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு வந்து, ஒவ்வொன்றாக அடைத்தார்கள். வேடியப்பன் பத்திரத்தைச் சுருட்டி அதையே கொம்பாக வைத்து ஊதிக்கொண்டிருந்தார். கடைசி ரைடு. கடலூர் ஒரு புள்ளி முன்னால். அஜித் உள்ளே போனான். இரண்டு பேரைத் தொட்டுவிட்டான்! மலையே எழுந்து நின்றது. அவன் திரும்பிப் பாய்ந்தபோது கணுக்காலில் ஒரு கை விழுந்தது. அவன் நீட்டிய கை நடுக்கோட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் சேற்றில் பதிந்தது, அங்கேயே நின்றது. தோல்வி.

செழியன் வண்டியின் பின்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டான். கணக்கில் இருந்தது எல்லாம் போய்விட்டது. இந்த மாதிரி நேரத்தில்தான் அவன் எதையும் செய்வான் என்று இசைவாணிக்குத் தெரியும். அவன் வேடியப்பனைப் பார்த்துக் கையை நீட்டினான்.

“பேப்பரக் குடுங்கண்ணே. மணி அஞ்சே முக்கா. ஆறுக்குள்ள போடணும். வுட்டத வுட்ட எடத்துலயே புடிக்கிறேன்.”

வேடியப்பன் பேனாவைக் கொடுத்தார். இசைவாணி குறுக்கே வந்தாள். “மாமா, கையெழுத்துக்கு முன்னாடி ஆஃபர் கீதான்னு ஒரு வாட்டி தொறந்து பாரு” என்றாள்.

திறந்தான். ஆஃபர் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அங்குமிங்கும் தள்ளித் தேடினான். சந்தேகத்தில் ஏதோ ஒரு ஆட்டத்தைத் தொட்டு, ஐயாயிரம் என்று தட்டினான். பெட்டி சிவந்தது. உங்கள் அதிகபட்சப் பந்தயம் ஒன்பது ரூபாய்.

“ஒம்போது ரூவாயா?” செழியன் திரையைத் துடைத்துப் பார்த்தான். ரித்விக்குக்குப் போன் செய்தான். மணி அடித்து அடங்கியது. மறுபடி செய்தான், கட் ஆனது. மூன்றாவது முறை, மணி அடிக்கும்போதே செய்தி வந்து விழுந்தது. உங்கள் கணக்கு விஐபி பிரிவிலிருந்து நீக்கப்பட்டது. இது நிறுவனத்தின் முடிவு, நன்றி.

இசைவாணிக்குத் துள்ளவேண்டும்போல இருந்தது. கழுத்தில் விசில் இருந்திருந்தால் நிச்சயம் ஊதியிருப்பாள். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். வேடியப்பன் குனிந்து திரையைப் பார்த்துவிட்டு, “ஒம்போது ரூவாய்க்கு இங்க டீகூட வராதேப்பா” என்றார்.

செழியன் முகம் கறுத்துவிட்டது. காசு போனதற்காக அல்ல, அது அவனுக்குப் பழக்கம். “பந்தியில குந்த வச்சி, எல போட்டு, சோறு போடும்போது எழுந்திருன்றானே வாணி. என்னைய. செழியன!” மானம் என்று வந்துவிட்டால் இந்தப் பக்கத்து ஆம்பிளை அந்த வாசலை மிதிக்கமாட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுத்தான். “வண்டி குடுக்கலண்ணே. நாளைக்கே பேங்குல உங்க பணத்தத் திருப்பிடறேன். மன்னிச்சிக்கங்க.”

வேடியப்பன் குதித்தார். பேச்சு மாறுகிறவன் எல்லாம் ஒரு மனுசனா என்றார். கடைசியில், தன் தோட்டத்துக் கிழங்கை மூன்று நடை வாடகையில்லாமல் இறக்கித் தரவேண்டும் என்று அபராதம் போட்டு, முதல் நடையை அப்போதே ஏற்றிவிட்டார்.

கிழங்கு மூட்டைகளோடு வண்டி மெதுவாக இறங்கியது. இரண்டு வளைவு தாண்டியது. செழியன் கேட்டான்.

“நீ தோக்கணும்னுதான் கட்டச் சொன்னியா?”

“இல்ல மாமா. சத்தியமா ஜெயிக்கணும்னுதான். ஆனா உன்ன அவன் துரத்தணும்னு வேண்டிக்கினேன். அதுக்குத்தான் இந்த ஒரு வாரமும்.” ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். வளையக் கடை, பதினான்கு ரூபாய், காலையில் நாலரையாக இருந்த ரேட்டு ஆட்டத்துக்கு முன் இரண்டானது, எல்லாம். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தான்.

“வெவரம் தெரிஞ்சவன் கைன்னு பயந்துட்டான்” என்றான்.

“ஆமா மாமா.”

“அப்ப ஒன்ற வருசமா என்னைய ஏன் வச்சிக்கினு இருந்தான்?”

பதில் இசைவாணிக்குத் தெரியும். கையை நீட்டி, கியர்மேல் இருந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வளைவில் பனி இறங்கிக் கண்ணாடி மூடிக்கொண்டது. செழியன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். இறங்கி, டீ ஷர்ட்டைக் கழற்றினான். வெறும் பனியனோடு குளிரில் நின்று, கண்ணாடியை மேலிருந்து கீழாக அழுத்தித் துடைத்தான். இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் துடைத்தான். சேறான அந்தத் துணியைப் பிழிந்து சீட்டுக்கு அடியில், ஜாக்கி பக்கத்தில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“உங்கம்மா குடுத்த கரும்பு இன்னும் கீதா வூட்ல?”

“கீது. காஞ்சி போயிருக்கும்.”

“பரவால்ல” என்று வண்டியை எடுத்தான்.